தெரிந்தவர் வெட்டிய தலை



சனிக்கிழமை மாலை முடி வெட்டிக்கொண்டு வீட்டுக்குள் நுழைகிறீர்கள். அடுக்களையிலிருந்து எட்டிப்பார்த்த மனைவி, "இன்றைக்கு வேறு கடைக்கா போனீர்கள்?" என்று கேட்கிறார். பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளுகிறார்கள். நீங்கள் கண்ணாடியின் முன் போய் நிற்கிறீர்கள். வலப்பக்கத்துக் கிருதா ஒரு விரற்கடை மேலே ஏறியிருக்கிறது. பிடரியில் படிபடியாக விழுந்திருக்கிறது. உச்சிச் சுழியில் நாலைந்து முடிகள் எண்ணெய்க்கும் அடங்காமல், தண்ணீருக்கும் அடங்காமல் விறைத்து நிற்கின்றன. விடிந்தால் ஆராதனை. அறியாத கடையாயிருந்தால் இரண்டு வார்த்தை முணுமுணுத்தாவது ஆறுதலடையலாம். நீங்களோ பன்னிரண்டு ஆண்டுகளாகப் போகிற அதே கடைக்கு, உங்கள் பிள்ளைகளின் பெயரையெல்லாம் அறிந்த அதே மனிதரிடத்தில் அல்லவா போய்வந்தீர்கள்!

இதற்கெல்லாம் ஒரு கட்டுரையா என்று நினைக்கலாம். போதகனுடைய தலையை ஒரு சபை முழுவதும் வாரந்தோறும் இரண்டு மணி நேரம் பார்த்துக்கொண்டிருக்கிறது. ஆகையால் அனுபவமில்லாதவன் எழுதுகிறான் என்று எண்ண வேண்டாம்.

இப்படிப்பட்ட வேளையில் நம்மில் அநேகர் செய்வது ஒன்றே. ஒன்றும் சொல்லுவதில்லை. நாற்காலியிலிருந்து எழும்பும்போதே காரியம் தெரிந்துவிடுகிறது. ஆயினும் காசைக் கொடுத்து, "சரி அண்ணாச்சி, வருகிறேன்" என்று சிரித்த முகத்தோடு படியிறங்கி விடுகிறோம். அடுத்த மாதம் அந்தக் கடை இருக்கும் தெருவையே தவிர்க்கிறோம். கிள்ளிப்பாலத்தில் பஸ் இறங்க வேண்டியவர் அட்டக்குளங்கரையில் இறங்கிச் சுற்றி நடக்கிறார். எதிரே அவர் வந்துவிட்டாலோ, "ஊருக்குப் போயிருந்தேன், அங்கேயே வெட்டிக்கொண்டேன்" என்று ஒரு பொய் நாவில் ஆயத்தமாயிருக்கிறது. ஒரு விரற்கடை முடிக்காகப் பன்னிரண்டு ஆண்டுப் பழக்கம் அற்றுப்போகிறது. அது ஏன் அற்றுப்போயிற்று என்று மற்றவருக்குத் தெரியவே தெரியாது. முடியைக் கெடுத்ததைக் காட்டிலும் இந்த மௌனமே பெரிய கேடு என்பதுதான் நான் சொல்ல வருகிறது.

அவருடைய பக்கத்திலிருந்து இதைப் பாருங்கள். முடிதிருத்துகிறவர் புதிதாக வருகிறவர்களை நம்பிக் கடை நடத்துவதில்லை; திரும்பி வருகிறவர்களையே நம்பி நடத்துகிறார். நீங்கள் மாதம் ஒருமுறை உங்கள் இரண்டு மகன்களோடு போகிறவரானால், ஆண்டுக்கு 36 தலைகள் உங்கள் ஒரு வீட்டிலிருந்து அவருக்கு வருகின்றன. நீங்கள் சொல்லாமல் நின்றுவிட்டால் 36 தலைகளும் நின்றுபோகின்றன. காரணம் மாத்திரம் அவரை வந்து சேருவதில்லை. எதிரே ஏசி வைத்த புதிய கடை வந்ததினால் போய்விட்டார்கள் என்று எண்ணி, இருக்கிற பணத்தைப் போட்டு நாற்காலியையும் விளக்கையும் மாற்றுகிறார். மாற்ற வேண்டியதோ அவருடைய மூக்குக்கண்ணாடியாயிருக்கும். அதைச் சொல்லக்கூடியவர் நீங்கள் ஒருவர்தான். நீங்களோ அட்டக்குளங்கரையில் இறங்கிவிட்டீர்கள்.

பிழைப்புத் தேடி ஊர் விட்டு வந்த நமக்கு இது இன்னும் சற்று ஆழமான காரியம். நாகர்கோவிலிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் அதற்கப்பாலிருந்தும் திருவனந்தபுரத்திற்கு வந்து, சாலைக் கடைத்தெருவிலும் கரமனையிலும் மணக்காட்டிலும் தங்கினவர்கள் தலைமுறைகளாக இருக்கிறார்கள். 1956 நவம்பர் 1 வரை கன்னியாகுமரிப் பகுதிக்கும் திருவனந்தபுரத்திற்கும் ஒரே ஆட்சி அல்லவா! எல்லை வந்த பின்பும் நம் ஜனங்கள் வந்துகொண்டேயிருந்தார்கள். அப்படி வந்தவரை இந்த நகரத்தில் முதன்முதலாகப் பெயர் சொல்லி அழைத்தவர் யார் என்று யோசித்துப் பாருங்கள். பெரும்பாலும் வீட்டுச் சொந்தக்காரர் அல்ல, அலுவலகத்து அதிகாரியும் அல்ல. ஒரு மளிகைக்கடைக்காரரும் ஒரு முடிதிருத்துகிறவருமே. எந்தத் தெருவில் வாடகைக்கு வீடு காலியாயிருக்கிறது, எந்தப் பள்ளிக்கூடத்தில் தமிழ் படிக்கலாம், எந்த வைத்தியரிடத்தில் போகலாம் என்பதெல்லாம் அந்த நாற்காலியில் உட்கார்ந்துதான் கேட்டறிந்தோம். அத்தகைய மனிதரை ஒரு சனிக்கிழமையின் நிமித்தம் இழப்பது புத்தியல்ல.

இனி, நன்றாய் வெட்டத் தெரிந்த பழகிய கை ஏன் ஒருநாள் பிசகுகிறது? இதை அறிந்துகொண்டால் கோபம் பாதி தணியும்.

முதலாவது காரணம் பழக்கமேதான். அறியாத கடையில், "எப்படி வெட்ட வேண்டும்?" என்று கேட்பார்கள். தெரிந்தவரோ, "வழக்கம்போலத்தானே?" என்பார். நீங்களும் தலையசைப்பீர்கள். ஆனால் அவர் அறிந்திருக்கிறது பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முந்தைய தலை. நெற்றி ஏறியிருக்கிறது, உச்சி மெலிந்திருக்கிறது, நரைத்த முடி முன்போலப் படிவதில்லை. அடர்ந்திருந்த முடிக்கு அழகாயிருந்த வெட்டு, மெலிந்த முடிக்குத் தோலைக் காட்டிவிடும். நம் முகம் மாறினது நமக்கே தெரியவில்லை. நாள்தோறும் நூறு தலை பார்க்கிறவருக்கு எப்படித் தெரியும்?

இரண்டாவது, அவருக்கும் வயதாகிறது. நாற்பதைக் கடந்தால் கண்ணின் வில்லை இறுகி, கிட்டத்தில் இருப்பது மங்கலாகத் தெரியும். வெள்ளெழுத்து என்று நம் பெரியவர்கள் சொல்லுவது இதைத்தான். முடிதிருத்துகிறவர் பார்க்க வேண்டியதெல்லாம் ஒரு முழத்துக்குள் இருக்கிறதே! அதோடு காலை முதல் இரவு வரை நின்றுகொண்டு, கையைத் தோளுக்கு மேலே தூக்கிப்பிடித்துச் செய்கிற வேலை. சனிக்கிழமை மாலை ஏழு மணிக்கு நீங்கள் உட்காருகிறபோது அந்தத் தோள் என்ன நிலையில் இருக்கும்? பின்னால் பெஞ்சில் ஆறுபேர் காத்திருக்கிறார்கள். நீங்களோ தமிழ்நாட்டு அரசியலைப் பற்றி அவரோடு பேசிக்கொண்டிருக்கிறீர்கள். தெரிந்தவர் என்றால் பேச்சு. பேச்சு மிகுந்தால் கத்தரி பிசகும்.

மூன்றாவது காரணம் இந்த நகரத்திற்கே உரியது. நம்முடைய கடைக்காரர் மலையாளியாயிருந்தால், ஒரே ஒலி இரண்டு பொருளைத் தரும். நாம் "குறைச்சு வெட்டுங்க" என்றால் முடியைக் குறைக்கச் சொல்லுகிறோம். மலையாளத்தில் 'குறச்சு' என்றால் கொஞ்சம். அவர் கேட்டது 'கொஞ்சம் வெட்டுங்கள்' என்று. ஆகவே நுனியைத் தொட்டுவிட்டு எழுப்பிவிடுவார், நாம் ஏமாந்துபோவோம். இதனால் பெரிய நஷ்டமில்லை, மறுபடி உட்காரலாம். 'பற்றே' என்ற வார்த்தையில்தான் ஆபத்து. மலையாளத்தில் பற்றே வெட்டுவது என்றால் தோலோடு ஒட்ட வெட்டுவது. ஊரிலிருந்து புதிதாக வந்த பையனிடம் அவர், "பற்றே வெட்டணோ?" என்று கேட்கிறார். பையனுக்கு விளங்கவில்லை, விளங்கவில்லை என்று சொல்லவும் வெட்கம், தலையசைக்கிறான். பிறகு அழுது என்ன பயன்? இந்நாட்களில் வடமாநிலத்துச் சகோதரர்கள் வேலை செய்கிற சலூன்களும் இருக்கின்றன. அங்கே கை ஜாடையும் கைப்பேசியில் காட்டும் படமுமே பாஷை. உண்மையைச் சொன்னால், படம் காட்டுவது எந்தப் பாஷைக்காரரிடத்திலும் நல்லதுதான்.

மெஷினில் சொல்லுகிற நம்பரையும் அறிந்து வைத்துக்கொள்ளுங்கள். அதிலே மாட்டுகிற பிளாஸ்டிக் சீப்புக்குத்தான் அந்த எண். பெரும்பாலான மெஷின்களில் 1 என்றால் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் முடி மிஞ்சும். 2 என்றால் 6. 3 என்றால் சுமார் 10. 4 என்றால் 13. "இரண்டு போடுங்கள்" என்று நாம் அறியாமல் சொல்லிவிட்டு, தோல் தெரிகிறது என்று அவர்மேல் வருத்தப்படுவது நியாயமல்ல.

நான்காவது காரணத்தைத் தகப்பன்மார் சற்றுப் பொறுமையோடு வாசிக்க வேண்டும். பையன் உட்காருகிறான், எப்படி வேண்டும் என்று அவன் சொல்லுகிறான். பின்னால் நிற்கிற நீங்கள் கண்ணாடி வழியாக முடிதிருத்துகிறவருக்குக் கண் காட்டி, "நன்றாய் ஒட்ட வெட்டுங்கள், இரண்டு மாதத்துக்கு வரவேண்டாம்" என்கிறீர்கள். காசு கொடுக்கிறவர் சொல்லுக்கே அவர் கீழ்ப்படிவார். திங்கட்கிழமை காலையில் பள்ளிக்குப் போகமாட்டேன் என்று பையன் அழும்போது, "அந்த மனுஷன் கெடுத்துவிட்டான்" என்று பழியை அவர்மேல் போடுகிறீர்கள். பையன் அடுத்த முறை அவரிடம் தலையைக் கொடுப்பானா? பதின்மூன்று வயதில் தலைமுடி என்பது அற்பக் காரியமல்ல. அவன் தோழர்கள் நடுவில் நடக்க வேண்டும். அந்த வெட்டு உங்களுடையது என்று அவனுக்குச் சொல்லிவிடுவது நேர்மை.

காரணம் எதுவாயிருந்தாலும், இப்போது தலை கெட்டிருக்கிறது. என்ன செய்வது?

நாற்காலியை விட்டு எழும்புமுன்னே சொல்லுவதே எல்லாவற்றிலும் எளிது. போர்வைத் துணியை உதறுமுன் அவர் ஒரு கைக்கண்ணாடியைப் பின்னால் பிடித்துக் காட்டுகிறார் அல்லவா? அதை நாம் பார்ப்பதேயில்லை. காட்டின உடனே "நன்று, நன்று" என்று சொல்லிவிடுகிறோம். அவர் காட்டுவதே நீங்கள் குறை சொல்லுவதற்காகத்தான். மூக்குக்கண்ணாடி அணிகிறவர்கள் அதைக் கேட்டு வாங்கி மாட்டிக்கொண்டு பாருங்கள். வெட்டுகிற நேரமெல்லாம் அது கழற்றி வைக்கப்பட்டிருக்கிறபடியால் பாதிப்பேர் என்ன நடந்தது என்பதை வீட்டுக்கு வந்தபின்தான் காண்கிறார்கள்.

வீட்டுக்கு வந்தபின் கண்டீர்களானால், அன்றிரவே ஓட வேண்டாம். ஒருமுறை தலைக்குக் குளித்து, காயவிட்டுப் பாருங்கள். ஈரத்தில் முடி நீண்டு தோன்றும், காய்ந்தால் சுருங்கும், சுருட்டை முடியானால் மிகுதியாய்ச் சுருங்கும். திருவனந்தபுரத்துக் காற்றிலுள்ள ஈரத்திற்கு முடி உப்பிச் சுருளவும் செய்யும். காய்ந்தபின்னும் கோணல் தெரிந்தால் அது மெய்யான கோணல். இரண்டு மூன்று நாளுக்குள் போங்கள்.

வெட்டினவரிடத்திலேயே போங்கள். வேறொருவரிடம் போனால், முந்தினவர் எந்த அளவில் வெட்டினார், எங்கே மெஷின் வைத்தார், எங்கே கத்தரி போட்டார் என்பது அவருக்குத் தெரியாது. இன்னும் குறைத்துத்தான் சமமாக்குவார். வீட்டிலே கத்தரிக்கோலை எடுத்துக் கண்ணாடி முன் நீங்களே சரிசெய்ய முயலவே வேண்டாம். 2020 மார்ச் 25 முதல் ஊரடங்கில் சலூன்கள் வாரக்கணக்கில் அடைபட்டிருந்தபோது நாம் எல்லாரும் ஒருவருக்கொருவர் முடி வெட்டிக்கொண்டோம். அந்நாட்களின் புகைப்படங்கள் கைப்பேசியில் இருந்தால் எடுத்துப் பாருங்கள். முடிதிருத்துகிறவர்மேல் உங்களுக்கு உடனே மரியாதை உண்டாகும்.

எது திருந்தும், எது திருந்தாது என்பதையும் அறிந்துகொண்டு போங்கள். ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கியிருந்தால் திருத்தலாம். பிடரியில் விழுந்த படியைச் சீப்பும் கத்தரியும் வைத்துக் கரைக்கலாம். காதோரத்தில் விட்டுப்போனதை எடுக்கலாம். அளவுக்கு மிஞ்சிக் குட்டையானதை ஒருவராலும் நீட்ட முடியாது. தலைமுடி மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர், சிலருக்குச் சற்று மேலாக வளரும். 6 மில்லிமீட்டர் குறைந்தது மூன்று வாரத்தில் வந்துவிடும். இரண்டு அங்குலம் போனது வர நான்கைந்து மாதமாகும். ஒன்றைக் கவனியுங்கள்: ஏறிப்போன பக்கம் வளருகிறபோது மறுபக்கமும் அதே அளவு வளரும். ஆகையால் பொறுத்திருந்தால் கோணல் தானாய்ச் சரியாகும் என்று நம்பியிருப்பதில் பயனில்லை. குட்டைக்குக் காத்திருத்தல் மருந்து. கோணலுக்குத் திரும்பிப் போவதே மருந்து.

இந்த இடத்தில், இரண்டாம் சாமுவேல் பத்தாம் அதிகாரத்து மனிதர் ஞாபகத்துக்கு வருகிறார்கள். அம்மோனியரின் ராஜாவாகிய ஆனூனுக்கு ஆறுதல் சொல்லத் தாவீது ஆட்களை அனுப்பினான். ஆனூன் அவர்களை வேவுகாரர் என்று சந்தேகித்து, அவர்கள் தாடியைப் பாதி சிரைத்து, வஸ்திரத்தையும் பாதி கத்தரித்து அனுப்பிவிட்டான். மிச்சப் பாதியையும் சிரைத்துவிட்டால் சமமாகிவிடுமே என்று நாம் யோசிக்கலாம். தாடியில்லாமல் தோன்றுவதே அந்த ஜனத்துக்கு வெட்கமாயிருந்தது. தாவீது செய்ததைப் பாருங்கள். அவர்களை எருசலேமுக்கு அழைத்து நடந்ததை எல்லாருக்கும் முன்பாக விவரிக்கச் சொல்லவில்லை. தாடி வளருமட்டும் எரிகோவிலே தங்கியிருந்துவிட்டு வரும்படி சொல்லியனுப்பினான். ராஜாவுக்கு யுத்தம், ராஜ்யபாரம் எல்லாம் இருந்தும், மனிதருடைய முகத்தின் வெட்கம் அவன் கண்ணுக்குத் தப்பவில்லை. வீட்டிலே தலை கெட்டு வந்த பையனைக் கேலிசெய்கிற அண்ணன்மாருக்கும் மாமாமாருக்கும் இதை வாசித்துக் காட்டுங்கள். மூன்று வாரம் அவனுக்கு ஒரு எரிகோ வேண்டும். தொப்பியானாலும் சரி, புகைப்படம் எடுக்காமலிருப்பதானாலும் சரி.

அப்படியானால் எல்லாவற்றையும் பேசித் தீர்த்துவிடலாமா, வழக்குக்குப் போக இடமேயில்லையா என்று கேட்கிறவர்களும் உண்டு. இடம் உண்டு. முடி வெட்டுதலும் காசு வாங்கிச் செய்கிற ஒரு சேவையாகையால் நுகர்வோர் சட்டத்திற்குள் வருகிறது. டெல்லியிலே நடந்த ஒரு காரியம் நாடெங்கும் பேசப்பட்டது. 2018ஆம் ஆண்டு ஒரு பெண்மணி, ஒரு வாரத்தில் வரவிருந்த நேர்காணலுக்காக, தாம் முன்பு போய்வந்த நட்சத்திர விடுதியின் சலூனுக்குப் போனார். வழக்கமாய் அவருக்கு வெட்டுகிறவர் அன்று இல்லை, வேறொருவர் வெட்டினார். நுனியில் நான்கு அங்குலம் மாத்திரம் எடுக்கச் சொன்னாராம். முடிவில் மிஞ்சினதே நான்கு அங்குலம், தோளைத் தொடுகிற அளவு. அவர் அதிகப் பவருள்ள கண்ணாடி அணிகிறவர், அது கழற்றப்பட்டிருந்தது, தலையைக் குனிந்தபடியே வைத்திருக்கச் சொல்லியிருந்தார்கள், ஆகவே நடந்ததைக் காணவில்லை. கூந்தல் சம்பந்தமான விளம்பரங்களில் தோன்றி வந்தவராகையால் பிழைப்பிலும் இடி விழுந்தது. 2021 செப்டம்பரில் தேசிய நுகர்வோர் ஆணையம் இரண்டு கோடி ரூபாய் கொடுக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், சேவையில் குறைவு இருந்தது என்ற முடிவில் தலையிடாமல், நஷ்டத்தின் தொகைக்கு ஆதாரம் காட்ட வேண்டும் என்று சொல்லி அந்தத் தொகையை ரத்து செய்து மறுபடி ஆணையத்திற்கே அனுப்பிற்று. அதன் பின்பும் வழக்கு ஓயவில்லை. இதற்குள் அந்த முடி எத்தனை முறை வளர்ந்திருக்கும்!

அந்தப் பெண்மணியைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. பெரிய நிறுவனம், கேட்டும் சரியான பதில் கிடைக்கவில்லை. அத்தகைய இடத்தில் சட்டத்தை நாடுவது அவருடைய உரிமை. தெரிந்தவரிடத்திலோ வேறொரு வழி திறந்திருக்கிறது. ரசீதும் இல்லை, வழக்கறிஞரும் இல்லை. நடந்து போய்ப் பேசுகிற தூரத்தில் அவர் இருக்கிறார்.

எப்படிப் பேசுவது என்பதில் சற்று நிற்க வேண்டும். முடிதிருத்துகிறவரிடம் குரலை உயர்த்துவது நம் தேசத்தில் வெகு காலம் எளிதாயிருந்தது. நம் ஊர்களில் அவர் வீட்டுக்கு வீடு போய் வேலை செய்து, அறுப்புக் காலத்தில் களத்தில் அளந்து கொடுத்த நெல்லை வாங்கிக்கொண்டார். புண்ணுக்கு மருந்து வைத்தவரும் அவரே; பிள்ளைப்பேற்றுக்கு வந்து நின்றவர்கள் அவர் வீட்டுப் பெண்களே. மருத்துவர் என்று அந்த ஜனத்துக்குப் பெயர் வந்தது சும்மா அல்ல. இங்கிலாந்திலும் 1540 முதல் 1745 வரை லண்டன் நகரத்து முடிதிருத்துவோரும் அறுவை வைத்தியரும் ஒரே சங்கத்தில் இருந்தார்கள். அங்கே பிரிந்த ஒரு கிளை டாக்டர்களானது. இங்கே உயிரைக் காத்த கையை வயது பாராமல் "அடே" என்று கூப்பிட்டு, வாசலுக்குப் புறம்பே நிறுத்தினார்கள். அந்தப் பேச்சின் மிச்சம் நம் நாவில் இருக்கக் கூடாது.

நாற்காலியில் உட்காருகிறவரின் பக்கத்திலும் ஒரு துக்கமான கதை உண்டு. இடுக்கி மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி, வட்டவடா என்ற மலைப் பஞ்சாயத்து இருக்கிறது. தமிழ் பேசுகிற ஜனங்கள் மிகுந்த இடம். அங்கே சக்கிலியர் சமுதாயத்தைச் சேர்ந்தவர்களுக்குக் கடைகளில் முடி வெட்ட மறுத்து வந்தார்கள். ஒரு முடி வெட்டுக்காக அவர்கள் வேற்றூருக்குப் போக வேண்டியிருந்தது. கடைசியில் பஞ்சாயத்தே முன்வந்து, 2020 செப்டம்பரில், எல்லாரும் உட்காரக்கூடிய ஒரு பொது முடிதிருத்தும் கடையைத் திறந்தது. 2020, வாசகரே, 1920 அல்ல! தம் ஊர்க் கடையில் ஒரு நாற்காலியே கொடுக்கப்படாதவருக்கு, "வலப்பக்கம் சற்று ஏறிவிட்டது" என்று சொல்லும் வேளை எப்படி வாய்க்கும்?

ஆகையால் இப்படிப் போங்கள். கூட்டமில்லாத நேரத்தில் போங்கள். பெஞ்சில் மற்றவர்கள் இருந்தால், அவர்கள் கேட்கச் சொல்ல வேண்டாம். அது அவருடைய பிழைப்பிலே கைவைப்பது. "அண்ணாச்சி, வலப்பக்கம் கொஞ்சம் ஏறினதுபோலத் தெரிகிறது. ஒருமுறை பாருங்களேன்" என்றால் போதும். மலையாளியானால் "சேட்டா" என்று ஆரம்பியுங்கள். "கெடுத்துவிட்டீர்கள்" என்ற வார்த்தை வேண்டாம். "வீட்டில் எல்லாரும் சிரிக்கிறார்கள்" என்றும் வேண்டாம். அது உங்கள் வருத்தத்தை மற்றவர்கள் வாயில் வைத்துச் சொல்லுவது. எந்த இடம், எவ்வளவு என்று விரலால் தொட்டுக் காட்டுங்கள். கைத்தொழிலில் பெருமையுள்ளவர் எவரும், உங்களைத் திரும்ப உட்காரவைத்துச் சரிசெய்யாமல் அனுப்பமாட்டார். அதற்குக் காசு வாங்கவும் மாட்டார். நீங்கள் வற்புறுத்தவும் வேண்டாம். முதல்நாள் கூலியை மாத்திரம் ஒருபோதும் பிடித்து வைக்காதீர்கள்.

நம் குடும்பங்களில் பெண்கள் கூந்தலைக் குறைப்பது அரிது. ஆயினும் நுனி வெட்டுவதற்கும், சிறு பெண்பிள்ளைகளுக்கு நெற்றிமுடி கத்தரிப்பதற்கும் தெரிந்த சகோதரியின் பார்லருக்குப் போகிற தாய்மார் உண்டு. சபையிலேயே பழகிய சகோதரியானால் காரியம் இன்னும் நுட்பமாகிறது. சகோதரியிடத்தில் ஒன்றும் சொல்லாமல், மற்ற நால்வரிடத்தில் சொல்லுகிறார்கள். அந்த நால்வரில் ஒருவர் போதகரிடத்திலும் வந்து சொல்லுகிறார். தயவுசெய்து எங்களுக்கு இந்த ஊழியம் வேண்டாம். மத்தேயு 18ல் ஆண்டவர் ஒரு வரிசையைக் கொடுத்திருக்கிறார்: முதலில் தனித்து அவரும் நீங்களும், பிறகுதான் இரண்டொருவர், கடைசியில்தான் சபை. நெற்றிமுடிக் காரியத்தில் நாம் கடைசியிலிருந்து ஆரம்பிக்கிறோம்.

ஒருமுறை சொன்னீர்கள், திருத்தினார், அடுத்த மாதமும் அப்படியே நடந்தது, அதற்கடுத்ததும் அப்படியே. அப்பொழுது என்ன? கண் மங்கி, கை நடுங்கத் தொடங்கின மனிதரிடத்தில் ஆயுள் முழுவதும் தலையைக் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். அப்படிச் சொல்லுகிறவர்கள் தங்கள் மகளுடைய கல்யாணத்துக்கு முந்தின நாள் எங்கே போகிறார்கள் என்று பார்க்க வேண்டும். நீங்கள் வேறிடம் போகலாம். ஆனால் ஒளிந்து போக வேண்டாம். "பையன்கள் இந்தக் காலத்து மாதிரி கேட்கிறார்கள், அதனால் அந்தக் கடைக்குப் போகிறோம்" என்று நேரே சொன்னால் அவர் ஏற்றுக்கொள்ளுவார். வயதானவர்களுக்கு இது விளங்கும். அது மெய்யாயிருக்க வேண்டும், அவ்வளவே. மெய்யான காரணம் அவருடைய கண் என்றால் அதையே சொல்லுங்கள்: "அண்ணாச்சி, கண் டாக்டரை ஒருமுறை பாருங்கள். இரண்டு மாதமாகக் காதோரம் தப்புகிறது." கண் வைத்தியத்துக்குப் பெயர் பெற்ற இந்த நகரத்தில் அதற்கு வழியில்லாமல் இல்லை. கூடப் போகவும் நேரமுண்டானால் போங்கள். முகச்சவரத்துக்கோ, சின்னப் பையனுக்கோ அவரிடத்தில் போய்வரலாம். தெருவில் எதிரே வந்தால் நின்று பேசலாம். அட்டக்குளங்கரையைச் சுற்ற வேண்டியதில்லை.

உங்களுடைய கடை செவ்வாய்க்கிழமை அடைக்கிற கடையானால், புதன்கிழமை காலையில் போங்கள். ஒன்பது மணிக்கெல்லாம் கதவைத் திறந்து, தரையைக் கூட்டி, கத்தரிகளைத் துடைத்து வைத்துக்கொண்டிருப்பார். அந்நேரத்தில் பெஞ்சு காலியாயிருக்கும், வெளிச்சமும் நன்றாயிருக்கும். மூக்குக்கண்ணாடியை எடுத்துப்போக மறவாதீர்கள்.